பூத்த தும்பையைப் பிடுங்காதீர்கள், விதையை எடுங்கள்

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சிவனுக்கு வைக்கத் தும்பைப்பூ வேண்டும். முன்பு ஒழுங்கை வேலியோரமெல்லாம் கிடந்தது, மதில் கட்டிய பிறகு காணவில்லை. பொங்கல் முடிந்த கையோடு வெறுங்காணியில் இருந்து பூத்த செடி மூன்றைப் பிடுங்கி வந்து சாடியில் வைத்தேன், நாலாம் நாளே வாடிவிட்டன. என்ன பிழை விட்டேன்?"

நீங்கள் தண்ணீர் விட்டதில் பிழையிருக்காது, பிடுங்கிய நேரம்தான் பிழை. தும்பை மாரிச் செடி. ஐப்பசி மழைக்கு முளைத்து, பூத்து, விதை கொட்டி, வெயில் ஏற ஏறத் தானே காய்ந்துபோகும். அதன் ஆயுளே அவ்வளவுதான். பூத்து நிற்கும் செடியைப் பிடுங்கினால் வேரும் அறுகிறது, பிழைத்தாலும் அதற்கு மிச்சமிருப்பது சில வாரங்களே.

அதே காணிக்கு மாசிக் கடைசியில் திரும்பப் போங்கள். வெள்ளைப் பூ உதிர்ந்த பிறகும், தண்டைச் சுற்றிப் பந்துபோல் பச்சைக் குழல்கள் நிற்கும், துளசியின் குடும்பம் என்பதால் பார்த்தவுடன் பிடிபடும். அந்தக் குழல்கள் பழுப்பாகக் காய்ந்ததும் தண்டை வெட்டி ஒரு கடதாசிப் பையில் தலைகீழாகப் போட்டுத் தட்டுங்கள். ஒரு குழலுக்குள் நாலு விதை வரை இருக்கும், சின்னஞ்சிறிது, கபில நிறம். எல்லாவற்றையும் அள்ளி வராதீர்கள், அந்தக் காணிக்கும் அடுத்த மாரிக்கு விதை வேண்டுமே. ஈரம் படாமல் எடுத்து வையுங்கள்.

ஐப்பசியில் முதல் மழை நன்றாக நனைத்த பிறகு தூவலாம். ஆழப் புதைக்கக் கூடாது, மேலே தூவி மெல்லிய மணல் போட்டு உள்ளங்கையால் அழுத்தினால் போதும். உங்கள் பக்கத்துச் செம்மண்ணே இதற்கு நல்ல மண். சாடியென்றால் மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்து, அடியில் ஓட்டை அடைபடாமல் பாருங்கள், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். முழு வெயில் வேண்டும். எருவைக் கொட்டினால் இலைதான் கொழுக்கும். இலை வறைக்கு உதவும்தான், ஆனால் நீங்கள் கேட்பது பூவை. நெருக்கமாக முளைத்தவற்றை ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள்.

அப்புறம், வளவில் களைநாசினி அடிக்கிறவர் யாராவது இருந்தால் அந்த மூலையை விடச் சொல்லுங்கள். பூசைக்குப் பறிக்கும்போதும் நாலைந்து செடியைத் தொடாமல் விட்டால் விதை தானே விழும், அடுத்த ஐப்பசியில் நீங்கள் தூவ வேண்டியதில்லை.