அப்பாவுக்கு அலட்சியம், எனக்குப் பயம்: ஏன் இப்படி?

கேள்வி: கொரோனா காலத்தில் முகக்கவசம் மாட்டச் சொன்னாலே என் அப்பா எரிந்து விழுவார். வயது 63, சர்க்கரை வேறு. நானோ தோல் உரிகிற அளவுக்குக் கை கழுவினேன். இன்னும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. ஒரே வீட்டில் ஏன் இப்படி? மறுபடி ஒரு பெருந்தொற்று வந்தால் அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. 1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிய இலவசமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்படியும் பலர் வரவில்லை. காரணம் தேடிய உளவியலாளர்கள், மனசுக்குள் ஓடும் நாலு கேள்விகளைப் பிரித்துக் காட்டினார்கள். எனக்கு வருமா? வந்தால் ஆபத்தா? இதைச் செய்தால் தப்பிப்பேனா? செய்வதில் என்ன தொல்லை? நாம் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு பயமுறுத்துகிறோம். தப்பிக்க வழி இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாதவரை மேலும் மேலும் பயமுறுத்தினால், "அதெல்லாம் சும்மா" என்று காதைப் பொத்திக்கொள்வார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சூடான பாத்திரத்தைத் தொட்டால் உடனே சுடும், அடுத்த முறை கை தானாகப் பின்வாங்கும். கொரோனா அப்படி இல்லை. தொற்றி 2 முதல் 14 நாள் கழித்துத்தான் அறிகுறி. முகக்கவசம் இல்லாமல் பத்து தடவை வெளியே போய் ஒன்றும் ஆகாமல் திரும்பினால், "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்பதுதான் மனசு படிக்கும் பாடம். மாட்டிக்கொண்டு போய்த் தப்பித்தாலும் கண்ணுக்குத் தெரிவது அதே "ஒன்றும் ஆகவில்லை"தான்.

உங்கள் அப்பாவை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வார்டில் தலை முதல் கால் வரை கவச உடையோடு நின்றுவிட்டு, டீ குடிக்கும் அறையில் முகக்கவசத்தைக் கழற்றி சக டாக்டர்களோடு நெருங்கி உட்கார்ந்து அரட்டை அடித்தவன்தான் நானும். தெரிந்த முகத்தில் கிருமி இருக்காதாம்!

அதனால் வாதம் வேண்டாம். "மாட்டினால் உங்களுக்கு என்னப்பா கஷ்டம்?" என்று மட்டும் கேளுங்கள். கண்ணாடியில் ஆவி படிகிறது என்பார், பேசுவது கேட்கவில்லை என்பார். மூக்குப் பக்கம் உள்ள கம்பியை நன்றாக அழுத்தி, அதன் மேல் கண்ணாடியை வைத்தால் ஆவி பெருமளவு குறையும். வீட்டுச் சாவி மாட்டும் ஆணியிலேயே முகக்கவசத்தையும் தொங்கவிடுங்கள். சாவியை எடுக்கும் கை அதையும் எடுக்கும்.

உங்களுக்கு: சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்தால் போதும். தோல் வெடித்தால் கிருமிக்கு நாமே வாசல் திறந்த மாதிரி. கழுவியதும் ஈரப்பதம் தரும் கிரீம் தடவுங்கள். சுத்தமாகிவிட்டது என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை, நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது.

பிள்ளைகள் சொன்னால் அதிகாரமாகப் படும். அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போது, போட வேண்டிய தடுப்பூசிகளைப் பற்றி அவருடைய டாக்டரே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருங்கள்.