650 டாலர் கேட்கிறார்கள், கொடுப்பார்களா?

கேள்வி: வணக்கம் சார். பாலக்கோடு எனக்குச் சொந்த ஊர், ஓசூரில் வேலை. 2020 ஊரடங்கு நேரத்தில் அமெரிக்காவில் உள்ள சிறு பதிப்பகம் ஒன்றிலிருந்து, எனக்குப் பிடித்த எழுத்தாளர் கையெழுத்துப் போட்ட லிமிடெட் எடிஷன் ஒன்றை 125 டாலருக்கு வாங்கினேன். மொத்தம் 500 பிரதிகள், ஒவ்வொன்றிலும் எண் உண்டு; என்னுடைய எண் 212. அது தொடரின் இரண்டாம் பாகம். இன்று இணையத்தில் அதற்கு 650 டாலர் போட்டிருக்கிறார்கள். முதல் பாகத்துக்கு 1,400. இருப்பதை விற்றுவிடலாமா, இல்லை வீட்டு நகையை வைத்தாவது முதல் பாகத்தை வாங்கி செட்டை முடிக்கலாமா? தருமபுரி, ஓசூர் புத்தகத் திருவிழாக்களில் எழுத்தாளர்களிடம் கையெழுத்து வாங்கிய தமிழ்ப் புத்தகங்களும் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றுக்கும் இப்படி விலை வருமா?

பதில்: நகையைத் தொடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

முதலில் அந்த 650 டாலர். உங்கள் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அது ஒருவர் கேட்கும் விலை. வேறொருவர் அதைக் கொடுத்தாரா என்பது தனிக் கேள்வி. உங்கள் ஊர் மண்டியில் தக்காளிக்குக் காலையில் ஏலம் போகும் விலை எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அதுதான் விலை. இந்தப் புத்தகங்களுக்கு அப்படி மண்டி கிடையாது. 500 பிரதிகள் இருந்தாலும் பெரும்பாலானவை யார் வீட்டு அலமாரியிலோ அசையாமல் இருக்கும். விற்பனைக்கு வருபவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒருவர் பெரிய விலை போட்டால், அடுத்தவரும் அதைப் பார்த்து அதற்குப் பக்கத்தில் போடுகிறார். இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏற்றிய விலை, ஒரு பிரதிகூட விற்காமலே மாதக்கணக்கில் நிற்கும்.

பழைய, அரிய புத்தகங்கள் விற்கும் ஏபிபுக்ஸ் இணையதளத்தில் தெரிவதெல்லாம் கேட்கும் விலைதான். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் சமீபத்திய சில மாதங்களுக்குத்தான் கிடைக்கும் என்பதால், அவ்வப்போது பார்த்துக் குறித்து வையுங்கள். அதே பதிப்பு, அதே நிலையில் உள்ள பிரதி, உறைப்பெட்டியோடு (புத்தகத்தைச் செருகி வைக்கும் அட்டைப் பெட்டி) என்ன விலைக்குப் போனது என்று நாலைந்து விற்பனைகள் கிடைத்தால், உங்கள் கையில் இருப்பதற்கு ஒரு மதிப்பு சொல்லலாம். அதுவரை 650 என்பதை மறந்துவிடுங்கள்.

சரி, விலை உண்மையிலேயே ஏறவில்லையா? ஏறியிருக்கிறது. ஊரடங்கில் வீட்டிலேயே இருந்தவர்கள், கையில் மிஞ்சிய பணத்தைச் சேகரிப்புப் பொருள்களில் போட்டார்கள். புத்தகங்களுக்கும் அந்த அலை வந்தது. பதிப்பகம் வைக்கும் முதல் விலை பெரும்பாலும் குறைவு; முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். படிப்பதற்கு வாங்குபவர்களோடு, மறுநாளே கூடுதல் விலைக்கு விற்பதற்காக வாங்குபவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். எழுத்தாளருக்குப் பெரிய விருது கிடைத்தாலோ, கதை திரைத் தொடரானாலோ விலை ஒரு படி ஏறும். அவர் இறந்துவிட்டால் இனி புதுக் கையெழுத்து இல்லை என்பதால் இன்னொரு படி. இவற்றில் நிலைப்பது எது, வடிவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2021, 2022 ஆண்டுகளின் உச்ச விலையில் பல பதிப்புகள் அப்புறம் நிற்கவில்லை.

நம்மூரிலிருந்து பார்க்கும்போது ரூபாயும் கண்ணை ஏமாற்றும். 2014-ல் ஒரு டாலர் சுமார் 61 ரூபாய். 2024-ல் சுமார் 84. பத்து வருடமாக 200 டாலரிலேயே நின்ற ஒரு புத்தகம், நம் கணக்கில் 12,200 ரூபாயிலிருந்து 16,800 ஆகியிருக்கும். புத்தகத்தின் மதிப்பு ஒரு டாலர்கூட ஏறவில்லை. விலை ஏற்றத்தை எப்போதும் டாலரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘லிமிடெட்’ என்று அச்சிட்டதெல்லாம் அரிதும் அல்ல. நியூயார்க்கில் ஜார்ஜ் மேசி 1929-ல் தொடங்கிய லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் 1,500 சந்தாதாரர்களுக்கு மட்டும் அச்சிட்டது. 1935-ல் ஜேம்ஸ் ஜாய்ஸ் நாவல் ஒன்றை ஓவியர் மத்தீஸின் படங்களோடு கொண்டுவந்தார்கள். 1,500 பிரதிகளிலும் மத்தீஸ் கையெழுத்துப் போட்டார். ஜாய்ஸ் போட்டது 250-ல் மட்டும். காகிதமும் அச்சும் படங்களும் ஒன்றுதான், ஆனாலும் அந்த 250-க்கு இன்றுவரை விலை வேறு. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் லைப்ரரி தோல் அட்டையும் பொன் விளிம்புமாகக் கையெழுத்துப் பதிப்புகளை வரிசையாக வெளியிட்டது. எத்தனை சந்தாதாரரோ அத்தனை பிரதிகள் என்பதுதான் அங்கே வரம்பு. பார்க்க அரண்மனைப் பொருள் மாதிரி இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை இன்று மலிவாகவே கிடைக்கின்றன. எத்தனை பிரதி என்பதையும், அதற்கு எத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, கையெழுத்து எப்படிப் புத்தகத்துக்குள் வந்தது? உங்கள் பிரதியில் ‘212/500’ என்று எண் போட்ட பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பல சமயம் பதிப்பகம் தனித் தாள்களை எழுத்தாளருக்குக் கட்டுக்கட்டாக அனுப்பும். அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியதும் பைண்டிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். இது முறையானதுதான், குறையில்லை. உள்ளே தனியாக ஒட்டிய சீட்டில் மட்டும் கையெழுத்து இருந்தால் மதிப்பு குறையும். இயந்திரம் போட்ட கையெழுத்து என்றால் மதிப்பே இல்லை. 2022 நவம்பரில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் புத்தகம் ஒன்றை, அவரே கையால் கையெழுத்திட்டது என்ற உறுதிக் கடிதத்தோடு, 900 பிரதிகள், தலா சுமார் 600 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளைப் படம் எடுத்து ஒப்பிட்டதும் இயந்திர வேலை என்று வெளியே வந்தது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலனும் வருத்தம் தெரிவித்தார். சான்றிதழ் இருக்கிறது என்று சொல்பவரிடம் நான் கேட்பது, முதலில் வாங்கிய ரசீது இருக்கிறதா என்பதுதான். உங்களுக்குப் பதிப்பகம் அனுப்பிய மின்னஞ்சல் ரசீதை அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு அதுதான் பேசும்.

இப்போது விற்பது. தேடிப் பார்த்ததில் உண்மையான விற்பனை விலை 400 டாலர் என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கமிஷன் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் போகும். பணம் மாற்றும்போது கொஞ்சம் போகும். கனமான புத்தகத்தைப் பெட்டி நசுங்காமல் கட்டி, காப்பீட்டோடு அமெரிக்கா அனுப்பும் செலவு சிறியதல்ல. வாங்குபவருக்கும் ஒரு தயக்கம் இருக்கும்: தன் நாட்டிலேயே ஒருவர் விற்கும்போது ஓசூரிலிருந்து ஏன் வரவழைக்க வேண்டும்? அதனால் நீங்கள் கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும். பெங்களூரு பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தியாவுக்குள்ளேயே ஒரு சேகரிப்பாளர் கிடைத்தால் கையில் நிற்கும் தொகை கூடும். கடைக்காரரிடம் கொடுத்தால் அவர் லாபம் வைத்துத்தான் விலை சொல்வார், அது நியாயம்.

விற்பதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொடர்களை வெளியிடும் சிறு பதிப்பகங்கள் பல, முந்தைய பாகம் வைத்திருப்பவருக்கு அடுத்த பாகத்தை அதே எண்ணில், முதல் விலைக்கே வாங்கும் உரிமை தருகின்றன. உங்களிடம் 212 இருந்தால் மூன்றாம் பாகத்திலும் 212 உங்களுக்கு வரும். புத்தகத்தை விற்றால் அந்த உரிமை பெரும்பாலும் அதோடு போய்விடும். சில பதிப்பகங்கள் முறைப்படி தெரிவித்தால் வாங்கியவர் பெயருக்கு மாற்றித் தரும். உங்கள் பதிப்பகத்தின் விதி என்ன என்று மின்னஞ்சலில் கேளுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் பிரதியில் உண்மையில் மதிப்புள்ளது இந்த உரிமைதான்.

முதல் பாகத்தை 1,400 டாலருக்கு வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இந்த எண்தான் காரணம். ஒரே எண்ணில் அமைந்த செட்டுக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது 87-ஆகவோ 340-ஆகவோ இருக்கும். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்து வைத்தாலே 1,19,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வரும் புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதச் சுங்க வரி போட்டார்கள், அது 5,950. அப்புறம் கூரியர் கட்டணம். நகைக் கடனுக்கு வருடம் 12 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 14,280. புத்தகம் உங்களுக்கு வட்டியும் தராது, வாடகையும் தராது. அந்தக் கதையைப் படிக்கத்தான் ஆசை என்றால் சாதாரணப் பதிப்பை வாங்கிப் படியுங்கள். முதல் விலைக்கு வரும் அடுத்த பாகத்துக்கு இப்போதிருந்தே மாதாமாதம் எடுத்து வையுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல சேகரிப்புகள் அப்படித்தான் உருவாயின.

விற்கவில்லை என்றால் ஒழுங்காகக் காப்பாற்ற வேண்டும். ஓசூர் குளிர்ச்சியும் மழைக்கால ஈரமும் ராமபாணப் பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். பாலக்கோட்டு வீட்டில் வைத்தால் சித்திரை வெயிலில் காகிதம் காய்ந்து பசை விட்டுப்போகும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். அந்தச் சுவர்தான் ஈரம் வாங்கும், கரையானும் அதில்தான் ஏறும். இரும்பு பீரோவில் வைத்தால் வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், ஈரம் குடித்ததும் மாற்ற வேண்டும். அந்துருண்டை, வசம்பு, வேப்பிலை எதுவும் காகிதத்தில் நேராகப் படக்கூடாது. மேலுறைக்குச் செலோடேப் ஒட்டுவது, லேமினேஷன் போடுவது, பெயர் முத்திரை குத்துவது எல்லாம் விலையைப் பாதியாக்கும் வேலைகள். பதிப்பகம் அனுப்பிய அட்டைப் பெட்டியையும் எறிய வேண்டாம்.

இனி உங்கள் தமிழ்ப் புத்தகங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்கள் கடிதம் எனக்குப் பிடித்தது. தமிழில் எண் போட்டு விற்கும் பதிப்பு குறைவு. முன்பதிவில் வரும் செம்பதிப்புகளை, அதாவது சிறப்புப் பதிப்புகளை, அதற்குப் பக்கத்தில் சொல்லலாம். ஆனால் ஒரு பதிப்புக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் என்பதுதான் நெடுங்காலம் நம் வழக்கம். இப்போது நூறு நூறாக அச்சடிக்கிறார்கள். அதாவது நம் முதல் பதிப்புகள் பலவும் யாரும் அறிவிக்காமலே அரிய பதிப்புகள்தான். வாங்குபவர்கள் குறைவு, ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், போன் பேசியே கைமாறுகிறது. அதனால் 40 ரூபாய்ப் புத்தகம் 4,000 ஆகும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். மறைந்த எழுத்தாளரின் முதல் பதிப்பில் அவரே எழுதிய வரிகள் இருந்தால் அதைத் தேடி வருபவர்கள் உண்டு. ‘அன்புடன்’ என்று எழுதி உங்கள் பெயரும் இருப்பதைக் குறை என்று நினைக்காதீர்கள். பெயர், ஊர், தேதி மூன்றும் இருந்தால் அந்தக் கையெழுத்தைச் சந்தேகப்பட இடமில்லை. சக எழுத்தாளருக்கு எழுதிக் கொடுத்த பிரதி என்றால் வெறும் கையெழுத்தைவிட அதற்கே மதிப்பு அதிகம்.

இப்படிச் சேர்த்தவர்களில் ஒருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். அவர் சேர்த்த நூல்களும் இதழ்களும் பிற அச்சுகளுமாகச் சுமார் ஒரு லட்சம். அவர் மறைந்தபின் 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவர் சேர்த்ததில் பலவும் அன்றைக்கு யாரும் விலை மதிக்காத சாதாரண அச்சுகள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் அலமாரிக்குப் பட்டியல் போடுங்கள். தலைப்பு, பதிப்பகம், எத்தனையாவது பதிப்பு, ஆண்டு, கையெழுத்து எங்கே எப்போது வாங்கியது, என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு நோட்டில். கையெழுத்துப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். புத்தகத்துக்குள் ஏதாவது குறிக்க வேண்டும் என்றால் பென்சிலில் மட்டும். அடுத்த புத்தகத் திருவிழாவில் எழுத்தாளரிடம் நீட்டும்போது, மேலட்டைக்கு உள்பக்கம் வேண்டாம், தலைப்புப் பக்கத்தில் தேதியும் ஊரும் சேர்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். ஜெல் பேனா என்றால் மை காயும்வரை மூட வேண்டாம்.