சீம்பால் பொடி வாங்கலாமா?

சேலத்துக் கடையில் சீம்பால் மாத்திரை பார்த்தேன். கன்றுக்கு எதிர்ப்பு சக்தி தருவது நமக்கும் தராதா? (ஓமலூர் வாசகி)

கன்றின் கதை வேறுங்க. பசுவின் நச்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதம் கன்றுக்குப் போவதில்லை, வெறுங்கையோடுதான் பிறக்கிறது. பிறந்த 24 மணி நேரம் வரைதான் அதன் குடல் அந்தப் புரதத்தை முழுசாக இரத்தத்துக்குள் விடும். நம் குடல் அதைச் செரித்துவிடும். தப்பியது குடலுக்குள்ளேயே வேலை செய்யும். அதனால் பலனையும் அங்கேதான் தேட வேண்டும். சில வலி மாத்திரைகளும் கடும் உடற்பயிற்சியும் குடல் சுவரைக் கசிய வைக்கும். சீம்பால் அதைக் குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி போகும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வீட்டில் காய்ச்சும் சீம்பாலும் அதே மருந்துதானே? (வாழப்பாடி வாசகர்)

மருந்து இல்லை, அருமையான சாப்பாடு. கொதித்தால் எதிர்ப்புப் புரதம் சிதைந்துவிடும். ஆனாலும் முதல் கறவையில் சாதாரணப் பாலைவிட நாலு மடங்கு புரதம். வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வைத்தால், உறை ஊற்றாமலே மஞ்சளாய் இறுகி, கத்தியால் துண்டு போடும்படி நிற்பது அதனால்தான். சத்து போகுமே என்று பச்சையாக மட்டும் குடிக்காதீர்கள். புருசெல்லா காய்ச்சலும் காசநோயும் அந்த வழியில் வரும். அப்புறம், 25 கிலோ கன்றுக்கு முதல் சில மணி நேரத்திலேயே இரண்டரை லிட்டர் வேண்டும். அது குடித்த மிச்சம்தான் நமக்கு.

மகன் ஏற்காடு மலைப்பாதையில் ஓடிப் பழகுகிறான். போட்டிக்கு முன் பொடி கொடுக்கலாமா? (அடிவாரத்திலிருந்து ஒரு தந்தை)

வேண்டாம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இதைத் தடை செய்யவில்லை. ஆனால் இதிலுள்ள ஐஜிஎஃப்-1 போன்ற வளர்ச்சிக் காரணிகள் பரிசோதனை முடிவைப் பாதிக்கலாம் என்பதால் பரிந்துரைப்பதும் இல்லை. முட்டை, கடலை, ராகிக் களி கொடுங்கள்.

பச்சைக் குழந்தைக்கு? (ஆத்தூர் வாசகி)

கூடவே கூடாது. குழந்தைக்கு உரிய சீம்பால் தாயிடமே இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கெட்ட பால் என்று அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றுவதை இன்றும் கேள்விப்படும்போது வயிறு எரிகிறது. கெட்டியாக, மஞ்சளாக, சில கரண்டிதான் வரும். முதல் நாளுக்கு அது போதும்.

பால் ஒவ்வாமை உள்ளவர்கள்? (சேலம் வாசகர்)

மாத்திரையாக இருந்தாலும் தொடாதீர்கள். அதுவும் மாட்டுப்பால் புரதம்தான்.