காட்டு நடை: அலமாரியில் அழுகும் பூட்ஸும் இன்ன பிற கேள்விகளும்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மலேசியாவின் தாமான் நெகாரா காட்டுக்குப் போகலாமா? (சிங்கப்பூர், புக்கிட் பாத்தோக் வாசகி)

வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நேரம். ஆறு ஏறிவிட்டால் கரையில் உட்கார்ந்து மேகி தின்ன வேண்டியதுதான். ஜூனில் போங்கள்.

என் எடை 60 கிலோ, மூன்று ஜீன்ஸோடு பை 20 கிலோ. நான்கு நாளுக்குச் சரிதானே?

இவர் தேசிய சேவையில் இதைவிடச் சுமந்தாராம். அப்போது வயது 19, இப்போது 43 என்று அவரே எழுதியிருக்கிறார். 12 கிலோ, மிஞ்சினால் 14. அந்த மூன்று ஜீன்ஸையும் வெளியே எடுத்துப் போடுங்கள், நனைந்தால் காயவே காயாது. தூங்கும்போது போட ஒரு செட் துணியை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், பகலில் அதைத் தொடக்கூடாது.

அட்டை கடித்தால் தீக்குச்சியால் சுடலாமா?

கூடாது. சுட்டால் வயிற்றில் உள்ளதைப் புண்ணிலேயே கக்கும். வாய்ப்பக்கம் நகத்தை வைத்து நெம்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க அது எதையோ உள்ளே விட்டிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் வடியும். பயப்படாதீர்கள்.

ஆற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தால் குடிக்கலாமா?

எலி மூத்திரமும் தெளிவாகத்தான் இருக்கும். கொதிக்க வையுங்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய விலை உயர்ந்த பூட்ஸ், இரண்டே முறை போட்டது, பெட்டியில் புதுசு போலவே இருக்கிறது. போதுமா? (ஈசூன்)

ஐயா, எத்தனை தடவைதான் எழுதுவது! அடிப்பாகத்துக்கு நடுவே இருக்கும் பாலியூரித்தேன் நுரை நம் ஊர் ஈரக்காற்றிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இற்றுவிடும், நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும். மேலே தோல் பளபளக்கும், உள்ளே ஊறிய பிஸ்கட். கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள், வெடிப்போ பொடியோ தெரிந்தால் குப்பைத்தொட்டிதான். தாமான் நெகாராவின் குனோங் தாஹான் மலை வழியில் இரண்டாம் நாள் என் நண்பருக்கு இரண்டு பூட்ஸின் அடிப்பாகமும் ஒரு மணி நேர இடைவெளியில் கழன்றன, ராஃபியா கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டி, நூறு அடிக்கு ஒருமுறை உட்கார்ந்து அவிழ்த்து மறுபடி கட்டி நடந்தார், காலெல்லாம் கொப்புளம். முன்னால் போன வழிகாட்டி போட்டிருந்தது 'அடிடாஸ் கம்போங்': பால்மரம் வெட்டுகிறவர்கள் (ரப்பர் மரத்தில் பால் எடுப்பவர்கள்) போடும் ஒரே வார்ப்பு ரப்பர் காலணி, சில ரிங்கிட்தான். உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிடும், சேற்றில் பிடிக்கும், பிய்ய அதில் ஒட்டே கிடையாது. என் பாட்டனார் தோட்டத்தில் போட்டதை நான் 40 வயதுக்கு மேல்தான் கண்டுபிடித்தேன்.

காட்டுக்குப் போகிறோம், என்னென்ன எடுக்கணும்?

எந்தக் காடு? எத்தனை நாள்? எத்தனை பேர்? மண்டாய் விலங்குத் தோட்டம் என்றால் குடை போதும். மற்ற எந்தக் காடானாலும் தலைவிளக்கு ஆளுக்கொன்று, ஆறு மணிக்கே மரத்தடி இருட்டிவிடும். அப்புறம், பிளாஸ்டிக் பையில் காய்ந்த துணி.

வாரம் ஒருமுறை மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடக்கிறேன். பயிற்சி போதுமா?

11 கிலோமீட்டர் சுற்று கால்களுக்கு நல்லது, ஏற்றத்துக்குப் போதாது. நம் ஊர் புக்கிட் தீமா குன்றின் உச்சியே 160 மீட்டர் சொச்சம்தான், தாஹான் 2,187. உங்கள் அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் பையோடு ஏறி இறங்குங்கள், காட்டில் போடப்போகும் அதே பூட்ஸோடு. பிய்வதானால் வீட்டு வாசலிலேயே பிய்யட்டும்.