பட்டாவில் 0 - 02.43 என்றால் ஆறு சென்ட்தான்

உங்கள் நிலம் குறையவில்லை. பத்திரத்தில் 6 சென்ட், பட்டாவில் 0 - 02.43 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே பரப்புதான்.

பட்டாவில் தலைப்பைப் பாருங்கள்: "ஹெக் - ஏர்", அதாவது 0 ஹெக்டேர், 2.43 ஏர். அந்த 2.43-ஐ நீங்கள் சென்ட் என்று வாசித்திருப்பீர்கள். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 2.43-ஐ 2.47-ஆல் பெருக்கினால் 6. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எல்லாரும் சென்டில்தான் விலை பேசுவோம், வருவாய்த்துறை கணக்கோ மெட்ரிக். குழப்பம் வரத்தான் செய்யும்.

இனி மண்ணில் அளந்து பாருங்கள். புலப்படத்தில் (உங்கள் சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) பக்க அளவுகள் மீட்டரில் இருக்கும். 12.2 என்றால் 40 அடி. டேப்பின் ஒரு ஓரம் அடி-இஞ்ச், மறு ஓரம் சென்டிமீட்டர். கடைசி வரை ஒரே ஓரத்தைப் பிடித்து வாசியுங்கள். 40 அடி 6 இஞ்சைக் கணக்குப் போடும்போது 40.5 என்று எழுதுங்கள், 40.6 அல்ல. கொத்தனார்கள் சொல்லும் கணக்கில் பெரும்பாலும் இங்கேதான் பிசகும். வரும் சதுர அடியை 435.6-ஆல் வகுத்தால் சென்ட்.

ஒன்று மட்டும் கவனம். அது பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டா என்றால் அந்த எண் உங்கள் பங்கை மட்டும் காட்டாது. மதில் கட்டவோ விற்கவோ போகிறீர்கள் என்றால் டேப் அளவை நம்பாதீர்கள். நில அளவைக்கு மனு கொடுத்து, அரசு சர்வேயரை வைத்து அளந்து கல் போட்ட பிறகு செய்யுங்கள்.