பழைய பெக்கோவ மலைக்கு ஏத்துறது: உங்க கேள்வியும் என் பதிலும்

பெக்கோ, அதாவது மண்ணு வெட்டுற செயின் மெஷின் பத்தி வந்த கேள்விங்க நெறைய சேந்துபோச்சு, தனித்தனியா எழுத நேரமில்ல, அதனால ஒண்ணாவே சொல்லிடுறேன்.

அண்ணே, கொழும்புப் பக்கம் யார்டு ஒண்ணுல பழைய பீசி 200 பெக்கோ ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஹப்புத்தளைல எங்களுக்கு ரெண்டு ஏக்கர் காணி இருக்கு, மட்டம் பண்ணணும். லோபெட்ல, அதான் மெஷின் ஏத்துற தாழ்வான ட்ரெய்லர்ல, கொண்டுவந்துடலாமா?

ஹப்புத்தளை டவுன் வரைக்கும் வந்துடும் தம்பி, இரத்தினபுரி, பலாங்கொடைன்னு ஏ4 ரோட்டுல வந்து பெரகலைல ஏ16க்கு திரும்பினா சரி. டவுன்லேர்ந்து உங்க காணிக்குப் போற கடைசி துண்டு இருக்கு பாருங்க, அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. அந்த சைஸ் மெஷின் 20 டொன் கிட்ட வரும், அகலம் 2.8 மீட்டர், அதாவது 9 அடி 2 இஞ்சி, பூம, அதாவது முன்னால நீட்டுற கைய மடக்கி வச்சாலும் நீளம் 9.4 மீட்டருக்குக் கொறையாது, லோபெட் மேல ஏறி நின்னா உயரம் 4 மீட்டர் கிட்ட வந்துடும். அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னால டேப்ப எடுத்துட்டு அந்த ரோட்ட ஒருக்கா நடந்து பாருங்க: எங்க சுருங்குது, கரண்டு வயரு எங்க தாழ தொங்குது, மதகு எத்தன, அதுல எது வெடிச்சிருக்கு. இன்னொண்ணு யாரும் பாக்க மாட்டாங்க, ஏத்தம் முடிஞ்சு ரோடு சட்டுனு மட்டமாகுற எடம். லோபெட் வயிறு தாழ இருக்கிறதால அந்த மேட்டுல ஒக்காந்துடும், அப்புறம் முன்னுக்கும் போகாது பின்னுக்கும் போகாது, பஸ்ஸு ரெண்டு பக்கமும் லைன் கட்டி நிக்கும்.

அதனால அநேகமா கீழயே எறக்கி செயின்ல நடத்தித்தான் கொண்டுபோகணும். எறக்கிற எடம் மட்டமா, கெட்டியா இருக்கணும், ரோட்டோரப் புல்லு வேணாம், அடில மண்ணு எளகியிருக்கும். லோபெட்டுக்கு ஏற எறங்க சாய்ச்சு வைக்கிற ரேம்ப் சரிவு 15 டிகிரிய தாண்டக்கூடாது. செயின் தகட்டுல ஒட்டியிருக்கிற சேத்த சுரண்டிட்டு ஏத்துங்க எறக்குங்க, ஈரச் சேறும் இரும்பு ரேம்பும் சேந்தா 20 டொன்னும் சோப்பு மாதிரி வழுக்கும். ரேம்ப் மேல நிக்கிறப்ப திருப்பவும் கூடாது, மேல்பக்கத்த சுத்தவும் கூடாது, கோணலா ஏறிட்டா திரும்ப எறங்கி நேராக்கிட்டு ஏறணும். மேல ஏறினதும் மேல்பக்கம் சுத்தாம பூட்டுற ஸ்விங் லொக்க போட்டு, பக்கெட்ட கட்டை மேல எறக்கி, செயினுக்கு முன்னயும் பின்னயும் கட்டை குடுத்து, நாலு மூலையும் சங்கிலில இழுத்துக் கட்டச் சொல்லுங்க. கயிறு போதும்னு எந்த ட்ரைவர் சொன்னாலும் அந்த லோபெட் வேணாம். அகலமான லோடுங்கிறதால அனுமதி விஷயத்த ஆர்.டி.ஏ. (வீதி அபிவிருத்தி அதிகார சபை) ஆபீஸ்லயும் பொலிஸ்லயும் முன்கூட்டியே கேட்டு வச்சுக்கோங்க.

பொகவந்தலாவைல எங்க வீட்டுக்குப் போற வழில வெள்ளக்காரன் காலத்து இரும்புப் பாலம் ஒண்ணு. செயின் மெஷின் பாரத்த பரப்பிப் போகும், ஒண்ணும் ஆகாதுன்னு ஒபரேட்டர் சொல்றாரு. நெசமா?

பாதி நெசம். செயின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ மாதிரிதான் அழுத்தும், லொறி டயர் அதவிட பல மடங்கு அழுத்தும். அது சேத்து மண்ணுக்கு நல்லது. ஆனா பாலத்துக்குக் கணக்கு வேற, அது சொமக்கிறது மொத்த 20 டொன்னையும்தான், லோபெட்டோட சேத்து ஏத்தினா 35 டொன் பக்கம் போயிடும். பாலத்துல எத்தன டொன்னுன்னு போர்டு இருந்தா அதுக்கு மேல ஒரு டொன்கூட கூடாது. போர்டே இல்லன்னா பொறியியலாளர் ஒருத்தர் பாத்து சொல்ற வரைக்கும் ஏத்தாதீங்க. பாலம் எஸ்டேட்டோடதுன்னா தொரைகிட்ட, அதாவது எஸ்டேட் மேனேஜர்கிட்ட, கடுதாசில அனுமதி வாங்குங்க, வாயால "சரி கொண்டுபோங்க"ன்னு சொன்னது நாளைக்கு பாலம் வளைஞ்சா செல்லாது.

தார் ரோட்டுல நாலு கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோயிட்டா லோபெட் காசு மிச்சம்தானே?

மிச்சமாகாது. இரும்புச் செயின் தார வெட்டிடும், ரோட்டு சொந்தக்காரன் நஷ்டஈடு கேப்பான், அது பிரதேச சபையா இருந்தாலும் சரி ஆர்.டி.ஏ.வா இருந்தாலும் சரி. வேகம் முழுசா குடுத்தாலும் மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம்தான், பழைய மெஷின்ல நடையிலயே செயினுக்கு அடில உருளுற ரோலரும் செயின சுத்த வைக்கிற ஃபைனல் ட்ரைவும் சூடாகி ஒயில் கசியத் தொடங்கும், நடுவுல நிறுத்தி ஆறவிடணும். தார குறுக்க கடக்கணும்னா மட்டும் பழைய டயருங்கள வரிசையா போட்டு மேல ஏத்தி விடுங்க, பின்னால விட்ட டயர பசங்க தூக்கி முன்னால போட்டுட்டே வரணும்.

அண்ணா, வீடு கட்ட 15 பேர்ச் சரிவுல மண்ண வெட்டணும். பெரிய பெக்கோ வந்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும்னு வீட்டுக்காரர் சொல்றாரு.

அக்கா, அவர ஒரு நிமிஷம் நிறுத்தி வைங்க. பெரிய மெஷினோட பின்பக்கம் நடுவுலேர்ந்து 2.75 மீட்டருக்கு சுத்தும், உங்க 15 பேர்ச்சுல பக்கத்து வீட்டு சுவரும் தண்ணி டேங்கும் அந்த வட்டத்துக்குள்ளயேதான் இருக்கும். 6 டொன் இஎக்ஸ் 60ங்கிற சின்ன பெக்கோ போதும், எடம் இன்னும் சின்னதுன்னா 3 டொன் மினி.

மெஷினவிட பெரிய விஷயம் வெட்டு. சரிவோட அடியில மண்ண எடுத்தா மேல இருக்கிறதுக்கு தாங்கல் போயிடுது, அது அன்னைக்கே விழாது, மழை குடிச்ச பிறகுதான் விழும். 2014 ஒக்டோபர் 29ம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தைல மலை எறங்கி லைன் வீடுங்கள மூடினத நம்ம பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல. அதனால மொதல்ல என்.பி.ஆர்.ஓ. (தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம்) அறிக்கை, அப்புறம் பிரதேச சபை, அப்புறம்தான் பெக்கோ. வெட்டுன மண்ண டிப்பர்ல வெளில அனுப்பணும்னா புவிச்சரிதவியல் பணியகத்து அனுமதியும் கேப்பாங்க. காணி உங்க பேர்ல இருக்கா எஸ்டேட்டு காணியாங்கிறதையும் இப்பவே பாத்துடுங்க.

எந்த மாசம் கொண்டுவரலாம்?

ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம்னா ஜனவரிலேர்ந்து மார்ச், மே வந்தா தென்மேற்கு மழை பிடிச்சிடும். பதுளை, பண்டாரவளைன்னா கணக்கு தலைகீழ், ஜூன்லேர்ந்து செப்டம்பர் நல்லது, ஒக்டோபர்ல மழை தொடங்கிடும்.

வாங்குறப்ப எத பாக்கணும்?

மெஷின் எத்தன மணித்தியாலம் ஓடிச்சுன்னு காட்டுற ஹவர் மீட்டர நம்பாதீங்க, பெடல் ரப்பரையும் லீவர் குமிழையும் பாருங்க, தேய்மானம் மறைக்க முடியாது. செயின இழுக்கிற பல்சக்கரம், ஸ்ப்ரொக்கெட், அதோட பல்லு கூரா போயிருந்தா செயின் வேலை காத்திருக்கு. பக்கெட்ட தரைல ஊனி ஒரு பக்கத்த தூக்கி ஆட்டச் சொல்லுங்க, மேல்பக்கம் தனியா ஆடினா ஸ்விங் பேரிங் போச்சு. இஞ்சின் ஆறியிருக்கிறப்ப நீங்க நேர்ல நின்னு ஸ்டார்ட் பண்ணுங்க, முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. சேசி நம்பரும் பேப்பரும் ஒத்துப்போகணும்.

மெஷின் பின்னால இருக்கிற பாரக்கட்டைய, கவுன்டர்வெயிட்ட, கழட்டிட்டா லேசாகுமே, பாலத்துல ஏத்தலாமா?

4 டொன் கிட்ட கொறையும்தான். அத கழட்ட ஒரு க்ரேன் வரணும், திரும்ப மாட்டவும் வரணும், அந்த க்ரேனும் அதே பாலத்துலதானே வரணும்?