கடலோரப் பயணிகளுக்கு: இம்மாதக் கேள்வி-பதில்

கே: டிசம்பரில் குடும்பத்துடன் கடற்கரைக்குச் செல்கிறோம். குளிக்கலாமா? (வாசகர், சேலம்)

எந்தக் கடற்கரை என்று எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? இராமேசுவரத்தில் வடக்கே உள்ள அமைதியான கடலைப் பெண் கடல் என்றும், தெற்கே உள்ள அலை மிகுந்த கடலை ஆண் கடல் என்றும் பிரித்துச் சொல்வார்கள். ஆனால் டிசம்பர் போன்ற வாடைக்காற்றுக் காலத்தில் அந்தப் பெண் கடலே சீறும். ஊர்ப்பெயருடன் மறுபடி எழுதுங்கள். அதற்குள் புறப்பட்டுவிட்டால், இறங்கும் முன் அந்தக் கரை மீனவரைக் கேளுங்கள்.

கே: மன்னார் வளைகுடாவில் ஆவுளியாவை (கடற்பசுவை) பார்க்க முடியுமா? (வாசகி, கோவை)

மிக அரிது. காட்டித் தருவதாக உறுதி சொல்லும் படகோட்டியிடம் பணம் கொடுக்காதீர்கள். அங்குள்ள தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது.

கே: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். அலை குறைந்த இடமாகப் பார்த்து இறங்கினால் போதுமல்லவா? (வாசகர், திருச்சி)

போதாது. கிணற்று நீச்சலை நம்பிக் கடலில் இறங்குபவர்களிடமிருந்து இக்கேள்வி ஓயாமல் வருகிறது, நானும் ஓயாமல் இதையே எழுதுகிறேன். இருபுறமும் அலை உடைந்து நுரைக்கும்போது நடுவில் மட்டும் அலையின்றிக் கருத்துக் கிடக்கும் நீர், கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழியாகும். அமைதியான இடம் என்று பலரும் தேர்ந்தெடுப்பது அதைத்தான். அந்த இழுப்பு ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போனவரே மூழ்குகிறார். சிக்கினால் பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாக நீந்தி இழுப்பை விட்டு விலகிய பின்னரே திரும்ப வேண்டும். குமரிக் கரையில் கள்ளக்கடல் வேறு உண்டு: தெற்கே வெகுதொலைவில் எழுந்த பேரலை, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் வந்து அடிக்கும். 2024 மே மாதத்தில், கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதே, பயிற்சி மருத்துவர் ஐவர் அங்கு உயிரிழந்தனர். மூழ்குபவரைக் காக்கத் தாமும் குதிப்பதை விட, கயிறோ மூடிய காலிக் கேனோ எறிவது மேல். மறுபடியும் சொல்கிறேன், கரை மீனவரைக் கேளுங்கள்.

கே: பங்குனி ஆமை முட்டையிடுவதைப் படம் எடுக்கலாமா? (வாசகி, சென்னை)

வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். ஃபிளாஷும் டார்ச்சும் கூடாது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் இரவு நடையில் சேர்ந்து, அவர்கள் சொற்படி நடந்து பாருங்கள்.

கே: சொறி (ஜெல்லி மீன்) பட்ட இடத்தில் மணல் தேய்க்கலாமா? (வாசகர், நாகை)

கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளைக் கை படாமல் அகற்றுங்கள். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.